கேள்வி பதில்: கோணல் கொம்பு

கேள்வி: வேட்டைப் பருவம் தொடங்கிய பிறகும் ஒரு வெள்ளைவால் ஆண் மானின் கொம்பில் வெல்வெட் தோல் (வளரும் கொம்பைப் போர்த்தியிருக்கும் மென்மயிர்த் தோல்) உரியவில்லை, முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. இன்னொரு மானுக்கு ஒரு கொம்பு மட்டும் கோணல். பரம்பரைக் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதல் மானின் விரைகளைப் பாருங்கள். அடிபட்டிருக்கும், அல்லது கீழே இறங்கியே இருக்காது. கோடைக் கடைசியில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால்தான் கொம்பு இறுகித் தோல் உரியும். இணைசேரும் காலம் முடிந்து அது இறங்கினால்தான் கொம்பு விழும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாததால் பழைய கொம்பின் மேலேயே புது வளர்ச்சி சேர்கிறது. வேட்டைக்காரர்கள் இதைக் ‘கள்ளிக் கொம்பு’ என்பார்கள்.

இரண்டாவதற்குக் கால்களைக் கவனியுங்கள். பின்னங்கால் முறிந்த மானுக்கு வழக்கமாக எதிர்ப்பக்கக் கொம்புதான் கோணும். வளரும்போது கொம்பில் மட்டும் அடிபட்டால் கோணல் அந்த ஆண்டோடு போகும். மண்டையோட்டில் கொம்பு முளைக்கும் அடிக்குமிழ் சிதைந்திருந்தால் ஆண்டுதோறும் திரும்பும். ஆகவே ஒரே பருவத்தைப் பார்த்து, ‘வம்சக் கோளாறு’ என்று சுட்டு ஒழிப்பது தவறு.

வேட்டையாடிய மானின் கொம்பை அறுக்கும்போது கையுறை அவசியம். அடிக்குமிழருகே சீழ் இருந்தால் அது மூளைவரை இறங்கிய கட்டியாக இருக்கலாம். தலையை ஒதுக்குங்கள்; இறைச்சி நிறம் மாறியோ நாற்றமடித்தோ இருந்தால் அதுவும் வேண்டாம். வெல்வெட் தோல் சீக்கிரம் அழுகும்; கொம்பை அதோடு வைத்துக்கொள்வதானால் உடனே உறையவையுங்கள்.