கடைசி நேரத்தில் வழக்கை மாற்றலாமா?

வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்த வாசகத்தால் வரும் வழக்குகள் பற்றி இம்முறை பலர் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி (யாழ். திருநெல்வேலி): மென்பொருள் நிறுவனத்தை விட்டு இன்னொன்றில் சேர்ந்ததற்கு யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். விளக்கம் (சாட்சிகளைக் கேட்கும் விசாரணை) தொடங்க இருக்கும் நேரத்தில், வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துச் சென்றேன் என்று வழக்குரையில் (தங்கள் கோரிக்கை மனுவில்) சேர்க்கப் பார்க்கிறார்கள். நீதிமன்றம் விடுமா?

பதில்: முதலில் திகதியைப் பாருங்கள். இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 93ஆம் பிரிவுப்படி, முன்விளக்கத்துக்கு (விளக்கத்துக்கு முந்திய ஆயத்த அமர்வுக்கு) முதன்முதலில் குறித்த நாளுக்கு முன் கேட்டால் நீதிபதிக்கு நிறையத் தாராளம் உண்டு. அந்த நாள் வந்துவிட்டால் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டுவிடும். வழக்கு எத்தனை தவணை போனாலும் கணக்கு முதல் திகதியில் இருந்துதான். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் விளக்க நாளே எல்லையாக இருந்தது; இப்போது முன்விளக்க நாள் என்பதால் அந்தத் திகதியைச் சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள்.

பிறகு கேட்பவர் இரண்டைக் காட்ட வேண்டும். திருத்தம் மறுக்கப்பட்டால் ஈடுசெய்ய முடியாத பாரிய அநீதி நேரும் என்பது ஒன்று. தாமதத்துக்குத் தான் காரணமல்ல என்பது மற்றது. பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது இரண்டாவதில்தான். விலகிய கிழமையே மடிகணினியைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கியிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். அன்றே அதைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்க அது போதும். இன்னொன்று: ஒப்பந்த மீறலை விட்டுத் தீங்கு (ஒப்பந்தத்துக்கு வெளியே இழைத்த கேடு) என்ற அடிப்படையில் நட்டஈடு கேட்டால் காலவரையறை இரண்டு வருடம், எழுத்து ஒப்பந்த மீறலுக்கு ஆறு. இரண்டு கடந்த கோரிக்கையைத் திருத்தம் என்ற பெயரில் உள்ளே நுழைக்க விடாதீர்கள்.

கேள்வி (கொக்குவில்): என் டியூட்டரியில் இருந்து விலகிய இரசாயனவியல் ஆசிரியர் மூன்று வருடம் வடமாகாணம் எங்கும் படிப்பிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அது அதிகம் என்கிறார்கள். கோரிக்கையை மூன்று கிலோமீற்றராகக் குறைத்துத் திருத்தலாமா?

பதில்: கேட்பதைக் குறைக்கும் திருத்தத்துக்கு எதிர்ப்பு அவ்வளவாக வராது. ஆனால் நீங்கள் திருத்துவது வழக்குரையை, ஒப்பந்தத்தை அல்ல. ஒப்பந்தத்தில் வடமாகாணம் அப்படியே நிற்கும். பகுதி நியாயமானதா என்ற கேள்வி அதற்குத்தான். 1894 இன் நோர்டன்ஃபெல்ட் வழக்கில் இருபத்தைந்து வருடத் தடை செல்லும் என்று இங்கிலாந்தில் தீர்த்தார்களே என்பீர்கள். அது தன் வியாபாரத்தை விற்றவர் மீதான தடை. சம்பளத்துக்கு வேலை செய்தவர் மீதான தடையை நீதிமன்றம் இன்னும் கண்டிப்பாகப் பார்க்கும். அங்கேயே 2019இல் டில்மன் வழக்கில் இரண்டு சொற்களை வெட்டிவிட்டு மிச்சத்தைச் செல்லுபடியாக்கினார்கள். வெட்டினார்கள், புதிதாக எழுதவில்லை. ‘வடமாகாணம்’ என்பதை வெட்டினால் உங்கள் வாசகத்தில் இடமே மிஞ்சாது.

உங்களுக்கு ஆகப்போவது பெரிதாக இல்லை என்பதே என் எண்ணம். அடுத்த ஆசிரியரின் ஒப்பந்தத்தை இப்போதே சரிபண்ணுங்கள்.

கேள்வி (நல்லூர்): முன்னாள் ஊழியருக்கு எதிராகத் தடை உத்தரவு மட்டும் கேட்டேன். ஒரு வருடத் தடைக்காலம் முடிந்துவிட்டது. இப்போது நட்டஈடு கேட்கலாமா?

பதில்: இது வேதனையான இடம். தடைக்காலம் கழிந்ததும் தடை உத்தரவுக்கு அர்த்தம் இல்லை. புது வழக்குப் போடலாம் என்றால், ஒரே காரணத்தில் இருந்து எழும் முழுக் கோரிக்கையையும் ஒரே வழக்கில் வைக்கச் சொல்லும் 34ஆம் பிரிவு மறிக்கும். ஆகவே மிஞ்சுவது திருத்தம்தான். அங்கே ‘முதலிலேயே ஏன் கேட்கவில்லை?’ என்பார்கள். தடைக்காலம் என்று முடியும் என்பது வழக்குத் தொடுத்த அன்றே தெரிந்ததுதானே! வேறு வழி இல்லை என்பதையே அநீதியாகக் காட்டி, விரிவான சத்தியக்கடதாசியோடு உடனே போங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் இதற்கு ஏதும் உண்டா?

பதில்: இல்லை. அது சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), காணி பற்றியது.

கேள்வி (சுன்னாகம்): திருத்தம் மறுக்கப்பட்டது. ஆனால் அதே விடயத்தை எழுவினாவாக (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வியாக) கொண்டுவருகிறார்கள். சரியா?

பதில்: எழுவினாக்கள் வழக்குரையில் உள்ளதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்றில்லை. 149ஆம் பிரிவு தீர்ப்பாணைக்கு முன் எழுவினாவைச் சேர்க்கவும் இடம் தருகிறது. ஆனால் முன்கதவில் மறுத்ததைப் பின்கதவால் ஏற்றால் உங்களுக்கு என்ன பாதிப்பு, எந்தச் சாட்சியை இனி அழைக்க முடியாது என்பதைச் சொல்லி உங்கள் சட்டத்தரணி அந்த நிமிடமே ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபனை வழக்குப் பதிவேட்டில் ஏறியதா என்று அன்று பின்னேரமே கேளுங்கள். மேன்முறையீட்டுக்கு அது வேண்டும்.