நம் பிள்ளைக்கு ஒரு வீடு: ஆதரவுடன் வாழ்தல் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் மகனுக்கு 27 வயது, ஆட்டிசம். எங்களுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. "இல்லம்" என்றாலே பயமாக இருக்கிறது. ஆதரவுடன் வாழும் வீடு என்கிறார்களே, அது வேறா? எப்போது சேர்ப்பது?
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரிய விடுதியில் ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் விளக்கணைப்பு. ஆதரவுடன் வாழும் வீடு என்பது சாதாரணத் தெருவில், நாலைந்து பேர் சேர்ந்திருக்கும் சாதாரண வீடு. தேவைப்படுகிற வேலைக்கு மட்டும் ஆள் உதவுவார். நீண்டகால மனநோய் உள்ளவர்களுக்காக 'தி பேனியன்' அமைப்பு 2015-ல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ம் பிரிவும், இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது.

பார்க்கப் போகும்போது மாலை ஆறு மணிவாக்கில் போங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜை யார் திறக்கிறார்கள், வாசல் சாவி யாரிடம், அவரவர் துணி அவரவர் அலமாரியில் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பதிலை நிர்வாகி சொல்கிறாரா, அங்கே வசிப்பவர் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

எப்போது என்றால், நீங்கள் நடமாடிக்கொண்டு இருக்கும்போதே. பெற்றோர் இறந்த வாரத்தில் மூட்டையோடு கொண்டுபோய் விட்டால், அம்மா இல்லாமல் போனதும் வீடு மாறியதும் ஒரே அடியாக விழும். முதலில் மாலை நேரம் மட்டும், பிறகு ஒரு ராத்திரி, பிறகு வாரக் கடைசி, பிறகு ஒரு வாரம். இதற்கு ஆறு மாதம் ஆனாலும் சரி. அவருடைய போர்வையும் தட்டும் முதல் நாளே அங்கே போகட்டும். கூடவே ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு ஒன்று எழுதிக் கொடுங்கள்: பசித்தால் என்ன செய்வார், வலித்தால் எப்படிக் காட்டுவார், எதற்குப் பயப்படுவார், எதைச் சொன்னால் சிரிப்பார். மருத்துவ ஃபைலில் இவை இருக்காது.

நான்கு ஆண்களுக்கு வாடகை வீட்டில் தொடங்குகிறோம். கூடவே தங்கும் ஒரு அக்கா போதுமா?
– பெற்றோர் குழு, திருச்சி

போதாது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், எந்நேரமும் ஒரே ஒரு ஆள் இருப்பதற்கே மூன்றரை ஆள் வேண்டும். லீவு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் சேர்த்தால் நாலு. காலை 6 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் குளியல், சமையல், மாத்திரை எல்லாம் ஒன்றாக வருவதால் இரண்டாவது ஆள் தேவை. அது வாரத்துக்கு 49 மணி நேரம், அதாவது இன்னொரு முழு ஆள். ஆக ஐந்து பேர். இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கும் வீடுகளில், 24 மணி நேரமும் இருந்த அக்கா பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வருவதில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான்கு ஆண்கள் என்பதால், குளிப்பாட்டும் உதவிக்கு ஆண் ஊழியர் கட்டாயம்.

ஷிஃப்ட் மாறும்போது இருவரும் 15 நிமிடம் சேர்ந்து இருக்கும்படி நேரம் வையுங்கள். நோட்டில் "எல்லாம் நார்மல்" என்று எழுத விடாதீர்கள். யார் எவ்வளவு சாப்பிட்டார், மலம் போனதா, எத்தனை மணிக்குத் தூங்கினார், வலிப்பு வந்ததா, எவ்வளவு செலவு என்று ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி போதும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பதிவு பற்றி, வாடகை ஒப்பந்தம் போடுமுன்பே கேட்டுவிடுங்கள்.

ரசம் சாதம் கொடுத்தால் மட்டும் புரையேறுகிறது, கெட்டியான சாதம் ஒத்துக்கொள்கிறது. ஏன்? (மூளை முடக்குவாதம் உள்ளவர், வயது 34)
– பராமரிப்பாளர், மதுரை

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ரசம் சாதத்தில் தண்ணீரும் பருக்கையும் தனித்தனி. வாய் பருக்கையை மென்று முடிப்பதற்குள் ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும். விழுங்கும் தசை தாமதமாக வேலை செய்பவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்குகிறது. அரிசி மிதக்கும் கஞ்சி, பாலில் ஊறிய பிஸ்கட், தர்பூசணி எல்லாம் இதே வகை. குழைத்த பருப்பு சாதம், தயிர் ஊற்றி மசித்த இட்லி, மசித்த கூட்டு என ஒரே பதமாக இருப்பவை பொதுவாகப் பாதுகாப்பானவை. உதிரும் புட்டு, வேர்க்கடலை, மொறுமொறு வடை வேண்டாம்.

முதுகு நிமிர்ந்து, இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டி, தாடை சற்றுக் கீழே இருக்கட்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், அண்ணாந்தால் புரையேறும். எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். சிறு கரண்டி. தொண்டை அசைந்து இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

சாப்பிட்டதும் குரல் களகளவென்று மாறுவது, அடிக்கடி சளிக் காய்ச்சல், எடை குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் விழுங்கலைப் பரிசோதிக்கத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள்.

வலிப்பு மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலக்கலாமா?
– ஊழியர், சேலம்

பெயரில் 'க்ரோனோ', 'எஸ்ஆர்', 'சிஆர்' என்று இருந்தால் கூடவே கூடாது. நாள் முழுக்க மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்க முடியாதவருக்கு அதே மருந்து சிரப்பாகக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தெரியாமல் கலந்து கொடுப்பது வேறு தொல்லையையும் கொண்டுவரும்: ஒருநாள் கசப்பு தெரிந்துவிட்டால் அவர் சாப்பாட்டையே நம்ப மாட்டார்.

வார டப்பாவை ஒருவர் நிரப்ப, இன்னொருவர் சரிபார்க்கட்டும். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கையில் எப்போதும் பத்து நாள் கையிருப்பு வேண்டும். வலிப்பு மருந்து திடீரென நின்றால் தொடர் வலிப்பு வரலாம், தீபாவளிக்குக் கடை மூடியிருந்தது என்பது அதற்குத் தெரியாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். என்ன செய்வதென்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி, மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

வலிப்பு வரும்போது கையில் சாவி வேண்டாம், வாயில் கரண்டி வேண்டாம். தலைக்கடியில் துணி வையுங்கள், மணியைப் பாருங்கள், வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

குளியலறையில் முதலில் எதை மாற்றுவது?
– ஒரு தந்தை, ஈரோடு

கதவை. வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கும்படி இருக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் திறக்கவே முடியாது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். வரிசை மாறினால் காலைச் சுட்டுக்கொள்வார்கள். பிடிமானக் கம்பி சுவரில் ஆழமாக இறங்கியிருக்கட்டும், டவல் கம்பி ஆளைத் தாங்காது.

மகளுக்கு 18 ஆகிவிட்டது, அறிவுசார் குறைபாடு. பாங்கில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள். அம்மா நான் இருக்கும்போது எதற்கு?
– வேலூர்

18 முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அவர் பெரியவர், பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு நியமனம் செய்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

நாளை அவர் ஒரு வீட்டில் வாழப் போனால், அந்த வீட்டின் ஊழியரையோ நிர்வாகியையோ கணக்கில் கூட்டாகச் சேர்க்காதீர்கள். தன் ஆதாயம் கலந்த பணப் பரிவர்த்தனையில் உதவியாளர் விலகி நிற்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. கைச்செலவுப் பணம் அவருடைய பர்ஸில் இருக்கட்டும், இருபது ரூபாயானாலும்.

அமைதியாக இருந்தவர் ஒரு மாதமாக அடிக்கிறார். மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா?
– குழு இல்ல மேற்பார்வையாளர், சென்னை

முதலில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பிறகு காது, மலச்சிக்கல் (அவர் சாப்பிடும் சில மருந்துகளே அதைத் தரும்), பெண்ணாக இருந்தால் மாதவிடாய்த் தேதி. பேச முடியாதவர் பல்வலியைக் கையால்தான் சொல்வார். அதோடு இரண்டு வாரம் எழுதுங்கள்: அடிப்பதற்கு முன் என்ன நடந்தது, அடித்தார், அதன்பின் என்ன கிடைத்தது. குக்கர் விசில், புது ஊழியர், பக்கத்து அறைக்காரர் என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். "அடித்தால் சாப்பாடு கிடையாது" என்ற வழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவை மறுப்பது அதே 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 92-ம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

அவருக்கு டீ போடக் கற்றுக்கொள்ள ஆசை. ஊழியர்கள் அடுப்படிக்குள் விடுவதில்லை.
– ஒரு சகோதரி, தஞ்சாவூர்

கேஸுக்குப் பதில் இண்டக்‌ஷன் அடுப்பு. தொடவேண்டிய பட்டன் ஒன்றில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு. டம்ளரின் பாதியில் ஒரு கோடு, தண்ணீர் அதுவரை, மீதிக்குப் பால். வேலையைப் பத்துப் பன்னிரண்டு படியாகப் பிரித்து, கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்து, சர்க்கரை போட்டுக் கலக்குவதை மட்டும் அவர் செய்யட்டும். முடிந்ததும் கையில் டீ இருக்கும், அதுவே அடுத்த நாளைக்கு இழுக்கும். அடுத்து டம்ளரை எடுத்து வைப்பது, தூள் போடுவது. கொதித்ததை வடிகட்டி ஊற்றுவதைக் கடைசிக்கு ஒத்திவையுங்கள். அப்போதும் டம்ளர் தட்டுக்குள்ளே, தட்டின் அடியில் ஈரத்துணி, வழுக்காமல் நிற்கும்.