மலைச்சரிவில் ஆழமில்லாத களிமண் நிலம்: மழைநீரைத் தடுக்க வரப்புப் போட்டால் போதுமா?

போதாது. தவறான வரப்பைப் போட்டால் இருக்கிற மண்ணும் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரியில் வேலை, பச்சைமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர், முழங்கால் ஆழம்கூட இல்லாத கருப்புக் களிமண், கீழே பாறை, மா வைக்க ஆசை. இவ்வளவும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் கடலூரில் இருந்துகொண்டு, விருத்தாசலம் வழியாகப் பஸ் மாறி மாறி அப்படித்தான் போனேன். அப்பா எனக்கென்று எழுதிவைத்த பங்கு அது. பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கம், பச்சைமலையை ஒட்டிய மேட்டுக்காடு. காடு என்றால் எங்கள் பக்கம் புன்செய் நிலம்.

கடலூர்க்காரர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை பழக்கம். அங்கே அதைவிட வெகு குறைவு. ஆகவே விழுகிற சொட்டு எதையும் வெளியே விடக்கூடாது என்று நினைத்தேன். 2015 கோடையில் சரிவுக்குக் குறுக்கே ஏழு வரப்பு போட்டேன், ஒவ்வொன்றும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மட்டத்தில், தண்ணீர் எந்தப் பக்கமும் நகராதபடி. யோசனை சொன்னவர் செம்மண் காடுகளில் இதே வேலையைச் செய்து நல்ல பெயர் எடுத்தவர். அவரை நான் குறை சொல்லவில்லை. தண்ணீரை வாங்கிக்கொள்ளும் மண்ணில் அது சரியான வேலைதான்.

பக்கத்துக் காட்டுப் பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை, வரப்பைச் சுற்றிவந்து பார்த்தார். "பாப்பா, இந்த மண்ணில் தண்ணீரைக் கட்டிவைக்காதே. கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போ" என்றார். எனக்கு அது புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

அந்த நவம்பர் மழை கடலூரை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த நாட்களில் காட்டு நினைப்பே வரவில்லை. எட்டாம் நாள் பெரியப்பா போனில் சொன்னார்: மேல் வரப்பு முதலில் உடைந்தது, அந்த வேகத்தில் அடுத்தடுத்து ஏழும் போய்விட்டன. நேரில் போனபோது காட்டின் நடுவே இடுப்பளவு அகலத்துக்கு ஓர் ஓடை. அதன் அடியில் கழுவிவைத்ததுபோல் பாறை. என் மண் முழுவதும் கீழ்க்காட்டுக்காரரின் பருத்திமேல் கிடந்தது. அவர் இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

ஏன் உடைந்தது என்பதைப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இந்தக் கருப்பு மண்ணில் உள்ள ஸ்மெக்டைட் என்ற களித்தாது நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கைவிடும் அளவு வெடிப்புகள் இருக்கும். முதல் மழை அவற்றில் இறங்கிவிடுவதால் நிலம் நன்றாகக் குடிக்கிறது என்று ஏமாந்துபோவோம். மண் உப்பி வெடிப்பு மூடியபிறகு களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. தண்ணீரைத்தான் உள்ளே விடும். ஐப்பசி மழை அப்படிப் பார்த்தா பெய்கிறது? மீதி வரப்போரம் நின்றது, செடியின் வேர் மூச்சுத் திணறியது. வரப்பும் அதே மண்ணால் ஆனது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அதுவும் கோடையில் வெடித்திருந்தது. தேங்கிய தண்ணீர் அந்த வெடிப்புக்குள் புகுந்து வழி போட்டுக்கொண்டது.

வரப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது கீழே எழுதுவார்கள். அப்படிச் சொல்லவில்லை. 2017-இல் மறுபடியும் வரப்பு போட்டேன். இந்த முறை 100 மீட்டர் நீளத்துக்கு 20 முதல் 40 செ.மீ. இறக்கம் கொடுத்து, தண்ணீர் வரப்போரமாகவே மெதுவாக நடந்து ஓரத்து ஓடைக்குப் போகும்படி. அந்த ஓடையில் புல் மூடியபிறகுதான் வரப்புகளை அதில் சேர்த்தேன். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் மட்டக்குழாய் போதும். வரப்பின்மேல் வெட்டிவேர் நட்டேன். கடலூர்க் கரையோர மணலில் வேருக்காகப் பயிரிடுகிறார்களே, அதே செடிதான், நாற்றை இங்கிருந்தே கொண்டுபோனேன். விற்கலாம் என்று தோண்டிவிடாதீர்கள், வரப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வேர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இரண்டு முறையும் ஜேசிபி ஓட்ட வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணன் வரவில்லையா?" இறக்கம் எங்கே வேண்டும் என்று நான் கோலை நட்டுக் காட்டினால், வண்டியை நிறுத்திவிட்டு என் அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அவர் சென்னையில் இருக்கிறார், அந்தக் காட்டை மிதித்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. மகளுக்கும் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. பட்டா என் பெயரில் இருக்கிறது, கூலி என் கையிலிருந்து போகிறது, வார்த்தை மட்டும் அண்ணனுடையதாக இருக்க வேண்டுமாம். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

உங்கள் மா ஆசைக்கு வருகிறேன். ஒரு மீட்டர் ஆழக் களிமண் பயிர் எடுக்கக்கூடிய நீராக 150 முதல் 200 மி.மீ. வரை பிடித்துவைக்கும். உங்களிடம் 40 செ.மீ. இருந்தால் 60 முதல் 80 மி.மீ. வெயில் நாளில் பயிர் 5 மி.மீ. குடிக்கும் என்று கணக்குப் போடுங்கள், இரண்டு வாரத்தில் தொட்டி காலி. இதை நம்பி மா வைத்தால் கோடை முழுவதும் தண்ணீர் லாரியை நம்பித்தான் இருக்க வேண்டும். நான் சோளம், உளுந்து, கொத்தமல்லி என்று மாற்றி மாற்றி விதைக்கிறேன். பாறை மேலே தெரிகிற பகுதியில் சீதாப்பழ மரம் நிற்கிறது. மணல் கலந்தால் களிமண் இளகும் என்று சிலர் சொல்வார்கள். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பரப்பவே 200 கன மீட்டர் மணல் வேண்டும், அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

உழவுக்கு ஆளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இந்த மண் காலையில் சேறு, மறுநாள் மாலையில் கல். நடுவில் கிடைக்கும் பதத்துக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

எதையும் செய்வதற்குமுன் சித்திரையில் ஒருமுறை போய், வெடிப்புகளில் ஒரு கம்பியை விட்டு, பத்து இடத்திலாவது ஆழம் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். என் காட்டில் மேல்பக்கம் ஒரு சாண், கீழ்பக்கம் இரண்டு முழம் இருந்தது. இது தெரியாமலேதான் ஏழு வரப்பு போட்டிருந்தேன்.