சக்கரமும் ஆராவும்: எந்தப் புத்தகத்துக்குப் பணம் கொடுக்கலாம்?

சக்கரங்கள் (உடலில் இருப்பதாக யோக நூல்கள் சொல்லும் சக்தி மையங்கள்), குண்டலினி (அவற்றின் வழியே மேலெழுவதாகச் சொல்லப்படும் சக்தி), ஆரா (உடலைச் சுற்றி இருப்பதாகச் சொல்லப்படும் ஒளிவட்டம்) பற்றிய புத்தகங்களையும் அவற்றின் பெயரில் நடக்கும் விற்பனையையும் குறித்துக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: யோகா வகுப்பில் அடிக்கடி சக்கரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நானே படித்துத் தெரிந்துகொள்ள ஆசை. கடைக்குப் போனால் ஓர் அலமாரி முழுக்க இருக்கிறது. எதில் தொடங்குவது? (வாசகி, மதுரை)

பதில்: உங்களுக்கு வேண்டியது பயிற்சியா, வரலாறா, மூல நூலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்றையும் ஒரே புத்தகத்தில் தருவதாகச் சொல்லும் அட்டைகளை நம்பாதீர்கள்.

பயிற்சி நோக்கில் படிக்க, பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதியின் ‘குண்டலினி தந்திரா’ (1984) இருக்கிறது. எளிய ஆங்கிலம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி அத்தியாயம். ஆனால் அதை வைத்துக்கொண்டு தனியாகப் பயிற்சியில் இறங்க வேண்டாம், உங்கள் ஆசிரியரைக் கேட்டுச் செய்யுங்கள். வரலாறு வேண்டுமென்றால் ஜேம்ஸ் மாலின்சனும் மார்க் சிங்கிள்டனும் தொகுத்த ‘ரூட்ஸ் ஆஃப் யோகா’ (2017). பழைய யோக நூல்கள் என்ன சொல்லின என்பதைத் தலைப்புவாரியாக மொழிபெயர்த்துத் தருகிறது. சக்கரங்கள் எத்தனை என்பதற்கு ஒரு நூல் ஒரு எண்ணிக்கையும் இன்னொன்று வேறொரு எண்ணிக்கையும் சொல்வதை அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

தமிழில் படிக்க வேண்டுமென்றால் ஒரு காசும் செலவு செய்யாமல் தொடங்கலாம். ஔவையாரின் விநாயகர் அகவல் 72 அடிதான். மூலாதாரத்துக் கனலும் ஆறு ஆதாரங்களும் (சக்கரங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) அதிலேயே வருகின்றன. உங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு பிரதி இருக்கக்கூடும். அடுத்து திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம், அட்டாங்க யோகப் பகுதி. மூலம் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உரையோடு படிக்க சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகப் பதிப்பை நூலகத்தில் கேளுங்கள். நான்காம் தந்திரத்தில் சக்கரம் என்று தலைப்பிட்டு வருபவை பெரும்பாலும் வரைந்து வழிபடும் எந்திரங்கள். அதை மட்டும் தனியே அச்சிட்டு ‘உடற்சக்கர ரகசியம்’ என்ற தோரணையில் விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் மணிபூரகம் (தொப்புள் பகுதிச் சக்கரம்) மஞ்சள். இன்னொன்றில் மழைமேக நிறம். எது அச்சுப் பிழை? தவறான புத்தகத்தைத் திருப்பித் தரலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டிலும் அச்சுப் பிழை இல்லை. திருப்பித் தரவும் வழியில்லை.

மழைமேக நிறம் சொல்லும் புத்தகம், 1577இல் பூர்ணானந்தர் வடமொழியில் எழுதிய ‘ஷட்சக்கர நிரூபணம்’ என்ற நூலைப் பின்பற்றுகிறது. அதில் மணிபூரகத்தின் பத்து இதழ்களும் கருமேகம் போன்றவை. மார்பிலுள்ள அநாகதம் செந்நிறம், தொண்டையிலுள்ள விசுத்தி புகை படிந்த ஊதா, புருவ மத்தியிலுள்ள ஆக்ஞை நிலவு போல் வெண்மை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் வரிசை 1970களுக்குப் பிறகு மேற்கு நாடுகளில் பரவி, அங்கிருந்து நம் ஊர் யோகா மையங்களின் சுவருக்கு வந்தது. கர்ட் லேலண்ட் எழுதிய ‘ரெயின்போ பாடி’ (2016) அந்தப் பாதையை ஆள் ஆளாகத் தொடர்ந்து காட்டுகிறது. இந்தத் துறையில் நூறு புத்தகம் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் அதை வாங்கினால் மீதித் தொண்ணூறின் செலவு மிச்சமாகும்.

வானவில் வரிசையை ஒருவர் தியானத்துக்குப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. அதை ‘ஐயாயிரம் ஆண்டு ரிஷிகளின் ரகசியம்’ என்று அச்சிட்டு விலை வைப்பதற்குத்தான் ஆட்சேபம். பழைய நூல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சௌந்தர்யலஹரியின் ஒன்பதாம் சுலோகம் மணிபூரகத்தில் நீரையும் அதற்குக் கீழுள்ள சுவாதிட்டானத்தில் நெருப்பையும் வைக்கிறது. பூர்ணானந்தர் அதைத் தலைகீழாகச் சொல்கிறார். ஆகவே கடையில் நிற்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு சக்கரத்தின் பக்கத்தைத் திறந்து, ‘இது எந்த நூலில் இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்திலோ அடிக்குறிப்பிலோ பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: சக்கரப் புத்தகம் ஒன்றுக்குப் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தவறு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லோடு போய்த் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டரின் ‘தி சக்ராஸ்’ புத்தகத்தை இணையத்தில் 240 ரூபாய்க்கு வாங்கினேன். ‘வண்ணப் படத்தைப் பார்க்க’ என்று வரிக்கு வரி சொல்கிறது. புத்தகத்தில் படமே இல்லை. விற்றவர், ‘மூலத்தில் உள்ளபடியே அச்சிட்டிருக்கிறோம்’ என்கிறார். (வாசகி, திருச்சி)

பதில்: அவர் சொல்வது பொய். 1927இல் அடையாறில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் உயிரே வண்ணப் படங்கள்தான். ஒவ்வொரு சக்கரமும் தமக்கு எப்படித் தெரிந்தது என்பதைப் படமாக வரையச் செய்து, அந்தப் படங்களைச் சுற்றித்தான் லெட்பீட்டர் உரை எழுதினார். சுவாதிட்டானத்தை விட்டுவிட்டு மண்ணீரல் பகுதியில் ஒரு சக்கரத்தை வைத்தவரும் அவரே. படம் இல்லாமல் அந்தப் புத்தகத்தைப் படித்து ஒரு பயனும் இல்லை.

இந்த மறுபதிப்பு வியாபாரத்தைப் பற்றி எனக்குப் பல வருட ஆத்திரம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் ஆனபின் பதிப்புரிமை முடிகிறது. லெட்பீட்டர் 1934இல் இறந்தார், ‘தி சர்ப்பன்ட் பவர்’ எழுதிய ஜான் உட்ரோஃப் 1936இல் இறந்தார். ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதில் குற்றமில்லை, நல்ல பதிப்புகள் மலிவாக வர அதுவே வழி. ஆனால் நடப்பது என்ன? நூலகப் பிரதி ஒன்றின் ஸ்கேனை இணையத்திலிருந்து இறக்கி, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, பளபளப்பான வானவில் அட்டை போட்டு விற்கிறார்கள். யாரும் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை. பதிப்பாண்டு கிடையாது, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு கிடையாது.

‘தி சர்ப்பன்ட் பவர்’ புத்தகத்தின் அப்படிப்பட்ட ஒரு பிரதி என்னிடம் வந்து சேர்ந்தது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த உட்ரோஃப், ஆர்தர் அவலான் என்ற பெயரில் 1919இல் வெளியிட்ட புத்தகம் அது. நான் மேலே சொன்ன ஷட்சக்கர நிரூபணத்தின் மொழிபெயர்ப்பும் விளக்கமும் அதில்தான் இருக்கின்றன. எனக்கு வந்த பிரதியில் சில பக்கங்களின் ஓரத்தில், ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் நகம் வரை அச்சாகியிருந்தது. அந்த விரல் மறைத்த வரிகள் எங்கேயும் இல்லை. வடமொழி எழுத்துகள் கரும்புள்ளிகளாகக் குழைந்திருந்தன. படத்தாள்கள் மடிந்தபடியே ஸ்கேன் செய்யப்பட்டதால், அரைத் தாமரையும் வெற்றுத் தாளும். விற்ற நிறுவனம் என் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. பிறகு சென்னை கணேஷ் அண்ட் கோ வெளியிட்ட பழைய பதிப்பு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் பிடித்தேன். அட்டை கிழிந்திருந்தாலும் படங்கள் நிறத்தோடு இருந்தன. அதைத்தான் இன்றும் எடுத்துப் படிக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ‘வண்ணப் படத்தைப் பார்க்க’ என்று வரும் இரண்டு பக்கங்களையும், படமில்லாத எதிர்ப்பக்கங்களையும் போட்டோ எடுத்து இணையுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். 240 ரூபாய்தானே என்று விடாதீர்கள். எல்லோரும் அப்படி விடுவதால்தான் அந்தக் கட்டைவிரல் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஐந்து நட்சத்திரம் பார்த்துப் பத்துப் புத்தகத் தொகுப்பு வாங்கினேன். சக்கரம், ஆரா, படிகக் கல், தேவதைகள் எல்லாம் ஒரே ஆசிரியர். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் பத்திலும் ஒரே பத்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. திருப்பி எடுக்க மாட்டார்களாம். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மூன்று மாதம் பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்துவிட்டு யாரிடம் முறையிடுகிறீர்கள்? மாதிரிப் பக்கங்களைப் படிக்கவில்லை, ஆசிரியர் யார், எங்கே படித்தவர், எங்கே கற்பித்தவர் என்று தேடவில்லை. ஒரே ஆள் சில மாதங்களில் பத்துத் துறையில் எழுதியிருந்தால், அவர் எதையும் எழுதவில்லை என்று கொள்ளுங்கள். ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான எண். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. ஒரு கண்காட்சியில் ‘ஆரா போட்டோ’ எடுத்தார்கள். வயிற்றருகே கறுப்பு இருப்பதாகச் சொல்லி, ஒரு புத்தகமும் ஏழு கல் வைத்த வளையலும் சேர்த்து 6,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். சர்க்கரை நோய் தானாகக் குறையும் என்று நோட்டீஸிலும் போட்டிருக்கிறார்கள். அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இதை வாசித்ததும் மூடி வைத்துவிட்டு முதலில் உங்கள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரை நின்ற நாள்களைச் சொல்லி இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி நாளை பேசிக்கொள்ளலாம். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நோயோடு பல வருடம் போராடும் ஒருவரிடம் நம்பிக்கையைக் காட்டி விற்றிருக்கிறார்கள். குற்றம் விற்றவருடையது.

அந்தக் கேமரா செய்வது இதுதான்: கை வைக்கும் தகடுகளிலுள்ள உணரிகள் தோலின் மின்கடத்தும் தன்மை போன்றவற்றை அளக்கின்றன. ஒரு மென்பொருள் அந்த எண்களுக்கு நிறம் ஒதுக்கி, முகப் படத்தின் மேல் மேகமாகப் பூசுகிறது. உடலைச் சுற்றியுள்ள எதையும் லென்ஸ் பிடிப்பதில்லை. கை வியர்த்தால் நிறம் மாறும். வயிற்றில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. சோவியத் நாட்டில் செம்யோன் கிர்லியன் 1939இல் கண்டறிந்த ஒளிப்பட முறையை அந்தப் புத்தகம் சான்றாகக் காட்டினால் அதையும் தள்ளுங்கள். அது உயர் மின்னழுத்தத்தில் பொருளின் விளிம்பில் ஏற்படும் மின்கசிவு. ஒரு நாணயத்தை வைத்தாலும் ஒளிவட்டம் வரும்.

சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக இப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அந்த நோட்டீஸ்தான் உங்கள் கையில் உள்ள முக்கியமான சான்று, பத்திரப்படுத்துங்கள். அதன் நகலோடு காவல் நிலையத்திலும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் புகார் கொடுங்கள். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கண்காட்சி எந்த ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில் கொடுக்கவில்லை என்றால் யுபிஐ பரிமாற்ற விவரத்தை அச்செடுத்து வையுங்கள். மனு எழுதத் தடுமாறினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நான் உதவுகிறேன்.

கேள்வி: ஆராவைப் பற்றி நம்பத்தகுந்த ஒரு புத்தகம்? (வாசகர், வேலூர்)

பதில்: ஆரா இருக்கிறதென்று நிரூபிக்கும் புத்தகம் கேட்டால், என்னிடம் இல்லை. அந்த எண்ணம் எப்படி வளர்ந்தது என்று அறிய மூன்று புத்தகங்களைச் சொல்வேன். லெட்பீட்டரின் ‘மேன் விசிபிள் அண்ட் இன்விசிபிள்’ (1902), லண்டன் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய வால்டர் கில்னர் சாயக் கண்ணாடி வழியே ஆராவைப் பார்க்க முயன்று எழுதிய ‘தி ஹ்யூமன் அட்மாஸ்பியர்’ (1911), பார்பரா பிரென்னனின் ‘ஹாண்ட்ஸ் ஆஃப் லைட்’ (1987). முதல் இரண்டும் ஸ்கேனாக இலவசமாகக் கிடைக்கின்றன, வாங்க வேண்டாம்.

இவற்றோடு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1998இல் வந்த ஒரு சிறு கட்டுரையையும் படியுங்கள். எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் செய்த சோதனை அது. மனிதரைச் சுற்றியுள்ள சக்திப் புலத்தைக் கையால் உணர்வதாகச் சொன்ன 21 சிகிச்சையாளர்கள் ஒரு தடுப்புக்கு அப்பால் இரு கைகளையும் நீட்டினார்கள். எந்தக் கைக்கு மேல் சிறுமியின் கை இருக்கிறதென்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 முறையில் 123 முறைதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும்.

கேள்வி: ‘30 நாளில் ஏழு சக்கரம்’ செயலியில் ஒரு ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மாதாமாதம் 1,499 எடுக்கிறார்கள். நிறுத்தும் பொத்தானே இல்லை. (வாசகி, சேலம்)

பதில்: உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் அந்த அனுமதியை இன்றே ரத்து செய்யுங்கள். பிறகு 1915இல் புகார். சந்தாவை நிறுத்த முடியாதபடி ஒளித்துவைப்பதை 2023இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. ஒரு ரூபாய்க்கு மேல் எடுக்க அனுமதித்த திரையை நீங்கள் படித்திருக்க வேண்டும். ஆனாலும் தவறு அவர்களுடையதுதான், கேளுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஆக்ஞா சக்கரத்தைத் திறந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பானாம். இரண்டு நாள் வகுப்பு, 18,000 ரூபாய். பாடப்புத்தகமும் தருகிறார்கள். சேர்க்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: வேண்டாம். கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் குழந்தைகள் கீழே பார்த்துப் படிக்கிறார்கள். சந்தேகம் இருந்தால், புத்தகத்தை அவன் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துப் படிக்கச் சொல்லும்படி அந்தப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் எழுத்தில் திரும்பக் கேட்டு நகலை எனக்கு அனுப்புங்கள்.