4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடில் எத்தனை மூலக்கூறுகள்?

4.4-ஐ நேரே 6.022 × 10²³ ஆல் பெருக்கி 2.65 × 10²⁴ என்று எழுதியிருக்கிறீர்கள். பெருக்கல் சரிதான், ஆனால் 6.022 × 10²³ என்ற அவகாட்ரோ எண் ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கை. அதை மோலோடுதான் பெருக்க வேண்டும், கிராமோடு அல்ல.

முதலில் மோலாக்குங்கள். கார்பன் 12, இரண்டு ஆக்சிஜன் 32, ஆக ஒரு மோல் 44 கிராம். 4.4-ஐ 44-ஆல் வகுத்தால் 0.1 மோல். அப்புறம் பெருக்கினால் 6.022 × 10²² மூலக்கூறுகள்.

ஒரு மோலுக்கும் குறைவான பொருளில் 6.022 × 10²³-ஐவிட அதிக மூலக்கூறுகள் இருக்கவே முடியாது. தேர்வில் இதை ஒருமுறை பார்த்துவிட்டாலே தப்பு பிடிபட்டுவிடும்.

நீங்கள் கேட்ட அடுத்த உட்பிரிவில் வேண்டியது அதே 4.4 கிராமில் உள்ள ஆக்சிஜன் அணுக்களின் எண்ணிக்கை. மூலக்கூறுக்கு இரண்டு வீதம் 1.204 × 10²³. எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். கிராம் அடிபட்டு மோல் மிஞ்சுவது கண்ணுக்கே தெரியும்.