கனமான உதை உள்ள வேட்டைத் துப்பாக்கிக்கு எந்த ரீகாயில் பேடு நீடிக்கும்?

ஆப்பிரிக்க எருமை வேட்டைக்குப் பேர்போன .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தோட்டாத் துப்பாக்கியில் பழைய ரப்பர் பேடு (கட்டையின், அதாவது துப்பாக்கியின் பின்பகுதியின், முனையில் தோளில் படும்படி மாட்டி உதையைத் தாங்கும் மெத்தை) விரிசல் விட்டுவிட்டது, எதை மாட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1912-இல் வந்த இந்தத் தோட்டாவின் உதை, பரவலாகப் புழங்கும் வேட்டைத் தோட்டாவான .30-06-ஐப் போலச் சுமார் இரண்டு மடங்கு. அதனால் கையால் அழுத்தும்போது மிகவும் மெத்தென்று இருப்பதைத் தேடாதீர்கள். அது ஒரே அடியில் முழுதும் நசுங்கி, மிச்ச உதையைத் தோளுக்கே தள்ளிவிடும். ஒரு அங்குலத் தடிமனில், மெதுவாக அமுங்கி மெதுவாக மீளும் பேடுதான் சரி. பாக்மேர் நிறுவனத்தின் டிசெலரேட்டர் பேடு என் முதல் தேர்வு. தடிமன் கூடினால் ட்ரிக்கருக்கும் தோளுக்கும் உள்ள தூரமும் கூடும். கட்டையை அந்த அளவுக்கு அறுக்க வேண்டிவரும். பேடின் மேல் முனையை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள், சட்டையில் மாட்டாது.

அப்புறம் ஆயுள். ரப்பருக்கு முதல் எதிரி எண்ணெய். துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பகுதியின் எண்ணெய் கட்டை வழியே இறங்கிப் பேடை ஊறவைக்கும், மொத்த எடையும் அதன்மேல் உட்கார்ந்து வடிவத்தையும் கெடுக்கும். படுக்கவைத்தே வையுங்கள். பேடை மாட்டும் திருகை அதன் முகம் வழியே முடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் தண்டில் சோப்புத் தடவினால் பேடின் முகம் கிழியாது.