லைட் டெஸ்ட் இருக்கும்போது பயாப்ஸி எதுக்கு டாக்டர்?

கேள்வி: வயசு 38, சிங்கப்பூர் யீஷூன்ல இருக்கேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உண்டாக்குற எச்பிவி வைரஸ் டெஸ்ட்ல டைப் 16 பாசிட்டிவ்னு வந்து, கால்போஸ்கோப்பிக்கு டேட் குடுத்திருக்காங்க. வெறும் லைட் வச்சே கண்டுபிடிச்சிடலாம், சதை எடுக்க வேணாம், வலியே இல்லன்னு ஒரு வீடியோல பாத்தேன். அதுக்கே போயிடட்டுமா?

பதில்: உங்களுக்கு டேட் குடுத்திருக்கிற கால்போஸ்கோப்பியே லைட் டெஸ்ட் தாம்மா. 1925ல ஜெர்மனில ஹின்செல்மன்னு ஒரு டாக்டர் லென்ஸையும் விளக்கையும் சேத்து கர்ப்பப்பை வாயைப் பாக்க ஆரம்பிச்சார், இன்னிக்கும் அடிப்படை அதே தான். கருவி வெளியவே நிக்கும், உள்ள போறது வழியை விரிச்சுப் பிடிக்கிற ஸ்பெக்குலம் மட்டும், அது உங்களுக்கு முன்னாடியே பழக்கம்.

அடுத்து வினிகரைத் தடவுவாங்க, நம்ம சமையல்கட்டு வினிகர் அளவு புளிப்பு தான், 3லேந்து 5 சதவீதம். ஒரு நிமிஷத்துல, மாறிப்போன செல் இருக்கிற இடம் வெள்ளையா தெரியும். கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டைல வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருந்து வெளுத்து வருமே, அப்படி. அந்த செல்லுக்குள்ள நியூக்ளியஸ் பெருசு, புரதம் ஜாஸ்தி, அதனால லைட் உள்ள போகாம திரும்பிடுது. பச்சை ஃபில்டர் போட்டா ரத்தக்குழாய் கறுப்புக் கோடா தெரியும், அது மொசைக் டைல் மாதிரி கட்டம் கட்டியிருந்தா நாங்க உஷாராயிடுவோம்.

வீடியோல சொன்ன புது கருவிங்க இதுக்கு அடுத்த படி. டைசிஸ்னு ஒண்ணு, அந்த வெள்ளை எவ்வளவு வேகமா வருது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேமரால அளந்து கலர் மேப் போட்டுக் குடுக்கும், இங்கிலாந்துல மருத்துவ முறைகளை மதிப்பிடுற நைஸ் அமைப்பு 2012ல இத பரிந்துரை பண்ணுச்சு. இன்னொரு வகைல புற ஊதா, நீல ஒளிய அடிச்சா திசுவே லேசா மின்னும், செல் மாற மாற கொலாஜனோட மினுக்கம் குறையும். அப்புறம் நம்ம திருச்சியில பிறந்த சி.வி. ராமன் 1928ல கண்டுபிடிச்ச ஒளிச்சிதறல், அதான் ராமன் விளைவு, அத வச்சு கர்ப்பப்பை வாய்த் திசுவோட ரசாயனத்தையே படிக்கப் பாக்குறாங்க, இங்க சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துலயே (என்யூஎஸ்) அந்த ஆராய்ச்சி நடந்திருக்கு.

எல்லாம் சரி, ஆனா லூமான்னு ஒரு ஃப்ளோரசன்ஸ் (அந்த மினுக்கத்த பாக்குற) கருவிக்கு அமெரிக்காவுல 2006ல அனுமதி குடுத்தப்பவே கால்போஸ்கோப்பிக்குத் துணையா தான்னு குடுத்தாங்க, பதிலா இல்ல. சாதாரண புண்ணு, இன்ஃபெக்ஷன் கூட வெளுக்கும், மின்னும். கர்ப்பப்பை வாய்க்குள்ள மேல போற குழாய்ல இருக்கிறது லைட்டுக்கு எட்டாது, மெனோபாஸுக்கு அப்புறம் பாக்க வேண்டிய இடமே உள்ள போயிடும். எங்க பாக்கணும்னு லைட் காட்டும், அது சிஐஎன் (புற்றுநோய்க்கு முந்தின செல் மாற்றத்தோட படி) 1ஆ 3ஆன்னு லேப்ல தான் தெரியும். 1னா பெரும்பாலும் தானா சரியாயிடும், 3ஐ அப்படி விட முடியாது. அதனால போட்ட டேட்டை விட்டுடாதீங்க. வெளுத்த இடம் இல்லன்னா பயாப்ஸியே எடுக்காம அனுப்புறதும் உண்டு.

எடுத்தா அரிசி மணி அளவு தான். நறுக்குன்னு ஒரு கிள்ளு, பீரியட்ஸ் வலி மாதிரி கொஞ்ச நேரம் இழுக்கும், அவ்வளவு தான். அன்னிக்கு பீரியட்ஸ் ஜாஸ்தியா இருந்தா முன்னாடியே ஃபோன் பண்ணி டேட் மாத்திக்கோங்க. 2 நாளைக்கு முன்னாடிலேந்து தாம்பத்தியம், உள்ள வைக்கிற மாத்திரை, டாம்பூன் வேணாம். ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிட்டாலோ, பிள்ளை உண்டாகியிருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலோ முதல்லயே சொல்லிடுங்க.

நீங்க கேக்கல, ஆனா நிறைய பேர் மனசுல வச்சு மருகுறாங்க: எச்பிவி தாம்பத்தியத்துல ஒட்டுற வைரஸ் தான், ஆனா வருஷக்கணக்கா உடம்புல சும்மா கிடக்கும், எப்போ யாருகிட்டேந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது, வீட்டுக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க.

அப்புறம், பயாப்ஸி எடுத்த இடத்துல ரத்தம் நிக்க ஒரு மருந்து வைப்பாங்க, சில நாள் காப்பித்தூள் மாதிரி கசியும், பேட் வச்சிக்கோங்க, பயப்பட வேணாம். ஆனா ஒரு மணி நேரத்துல ஒரு பேட் நனையுற அளவுக்கு சிவப்பா போனாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு (ஏ அண்ட் ஈ) போயிடுங்க.